அந்தப் படத்துல இருக்கற மாதிரி

தலைய அசைக்காதீங்க அம்மிணி. மூஞ்சிக்கு பேக் போட்டாச்சு. இனி காயற வரைக்கும் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது. மூஞ்சியில கோடு விழுந்துச்சுன்னா உங்க மாமியார் என்னையத்தான் பிடிப்பாங்க. உங்க தொணைக்கு வந்த ஃபிரெண்டு உள்ள வரமாட்டேன்னு வெளியவே நிக்குது, நிக்கட்டும். நீங்க பேசாமப் பொட்டாட்டப் படுத்திருங்க, நான் பேசறேன். எனக்கு வாய மூடிட்டு வேலை செய்ய வராது. எங்க ஊட்டுக்காரர் அதுக்குத்தான் கடைப்பக்கமே வர்றதில்ல.

உள்ள வந்ததும் வராததுமா செவுத்தக் காட்டி என்ன சொன்னீங்க? அந்தப் படத்துல இருக்கற மாதிரி வேணும்னு. எல்லாப் புள்ளைகளும் அதையேதானுங்க கேக்குது. நான் செஞ்ச கல்யாணம் ஆல்பம் ஆல்பமா இருக்குது, அதைப் பொரட்டிக்கூடப் பாக்கறதில்ல. கையை நீட்டி, அக்கா, அதான் வேணும். பொய் சொல்லி அட்வான்ஸ் வாங்கற பொழப்பு எனக்கு வேண்டாமுங்க. அது வராது. அதே ஃபவுண்டேஷன், அதே லிப்ஸ்டிக், அதே ஜன்னல் வெளிச்சம், எல்லாம் வெச்சுப் பாத்துட்டேன். நல்லா வரும், அழகா வரும், ஆனா அது வராது. ஏன்னு எனக்கே தெரியல.

அது மாடல் கீடல் எல்லாம் இல்லீங்க. வாணின்னு, இங்க வேலைக்கு இருந்த புள்ள. தோள் மேல ஒரு கை தெரியுது பாருங்க, மாலையோட? அந்தக் கைக்காரி ரீனா. அவளும் இங்கதான் இருந்தா. அவளை மட்டும் வெட்டியெடுத்துட்டு ஃபிரேம் போடச் சொன்னேன். கையை வெட்டுனா வாணியோட கழுத்தும் போயிரும்னு ஸ்டுடியோக்காரன் சொல்லிட்டான். சரி, கெடக்குதுன்னு விட்டுட்டேன்.

இந்த ரெண்டு பேரால என் கடைக்கு வந்த கேவலம் எனக்குத்தான் தெரியும். ஆனா ஊருக்குள்ள என்ன பேசறாங்க தெரியுமுங்களா? நான் போலீசுகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதுக ரெண்டும் இன்னைக்கும் இந்த ரூம்ல ஒண்ணா நின்னு வேலை பாத்துட்டு இருக்குமாம். ஊர்க்காரங்க கூடப் பரவால்ல, என் கூடப் பொறந்தவனே சொல்றான். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்க சொல்லுங்க, நான் பண்ணினதுல என்ன குத்தம்னு.

ரீனாவுக்கு நெசப் பேரு அது இல்ல. என்னமோ ரின்... ரின்புயின்னு வரும். வாயில நொழையல. கஸ்டமருக்குக் கூப்பிட வசதியா இருக்கட்டும்னு நான்தான் ரீனான்னு வெச்சேன். மிசோரமோ மணிப்பூரோ, அந்தப் பக்கம். இந்த ஊர்ல அவளுக்கு வேலை குடுத்த மொத ஆளு நான். அப்ப யாரும் குடுக்கலீங்க. எனக்கு அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கெடையாது. அதுவுமில்லாம, அந்த மூஞ்சியப் பாத்தாலே பொம்பளைங்களுக்கு ஒரு நம்பிக்கை. ஏனுங்க, அவங்க தோலு எப்படி மினுங்குது, அந்தப் புள்ள கையாலயே ஃபேஷியல் பண்ணச் சொல்லுங்கன்னு கேட்டு வாங்குவாங்க. அதே பொம்பளைங்க, பொட்டு வைக்கற நேரம் வந்தா மட்டும் தலைய இழுத்துக்குவாங்க. அவ மாட்டுக்கறி திங்கறவளாமா, நம்ம பக்கம் சேந்தவ இல்லியாமா, அவ கையால குங்குமம் வேண்டாமுங்கக்கா, அப்படிம்பாங்க. நான் அதுக்கு என்னங்க பண்ண முடியும்? கஸ்டமர் மனசு கோணாம ஒரு ஏற்பாடு பண்ணினேன். மூஞ்சி பூரா ரீனா செய்வா. கடைசியில பொட்டும் பூவும் வாணி வெப்பா. வாணி நம்ம ஆளுக, எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், ஒறம்பரை.

அப்படித்தான் ரெண்டும் ஜோடி சேந்துச்சு. பாத்தா, ஜோடி சேத்து விட்டதும் நான்தான்.

ரீனாவுக்கு ஊர்ல யாரும் வீடு தரல. போன எடமெல்லாம் ஒண்ணு சைனாக்காரியான்னு கேப்பாங்க, இல்லீன்னா மசாஜ் பண்றவளான்னு கேப்பாங்க. ஒரு எடத்துல எல்லாம் பேசி முடிச்சு, சாமானோட போய் எறங்குனதுக்கப்புறம் வீட்டுக்காரம்மா மூஞ்சியப் பாத்துட்டுக் கதவச் சாத்திப்போட்டாங்க. நான் பாவம்னு கடைக்குப் பின்னாடி இருக்கற ரூம்ல இருந்துக்கச் சொன்னேன். ஒத்தப் பொம்பளையா இருந்தா நாளைக்கு ஒரு பேச்சு வருமேன்னு வாணியையும் தொணைக்கு வெச்சேன். எனக்கு மானம் முக்கியமுங்க.

தமிழ் அவளுக்கு வாணிதான் சொல்லிக் குடுத்தா. ஏனுங்கக்கா, வாங்கக்கா, சாப்டீங்களாக்கான்னு அந்த மூஞ்சிய வெச்சுட்டு நம்ம பேச்சு பேசுனா கஸ்டமர் எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. இன்னொருக்கா சொல்லு, இன்னொருக்கா சொல்லும்பாங்க. அவளும் சொல்லுவா. கோவமே வராது. வந்தாலும் நமக்கெங்க தெரியுது.

நான் சந்தேகப்படலீங்க. சத்தியமாச் சொல்றேன். ரெண்டு பொட்டப்புள்ளைக ஒரே தட்டுல திங்கும், ஒரே போர்வையில தூங்கும், ஒருத்தி தலைக்கு ஒருத்தி எண்ணெய் வெப்பா. இதுல என்னத்தச் சந்தேகப்படறது?

கடையும் வீடும் ஒரே கட்டடம்தானுங்க, மாடியில என் தம்பி தாமோதரன் இருந்தான். அவனும் அவன் ஃபிரெண்டு சேவியரும். ரெண்டு பேரும் சேந்து பனியன் கம்பெனிகளுக்கு லேபிள் அடிச்சுக் குடுக்கறாங்க. ரொம்ப வருசமா ஒரே ரூம், ஒரே சமையல். தம்பிக்குப் பொண்ணு பாத்துப் பாத்து அம்மா ஓஞ்சு போச்சு. அப்புறம் சேவியரையே, எனக்கு இன்னொரு பையன் மாதிரின்னு சொல்ல ஆரம்பிச்சுருச்சு. சேவியர் வந்தா அம்மா கறி எடுத்து ஆக்கும். ஊர்ல எவனும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆம்பளைக, தொழில் பண்றாங்க, சேந்து இருக்காங்க. நானும் கேட்டதில்ல. எனக்குத் தெரியாதுன்னு இல்ல. தெரிஞ்சும் கேக்காம இருக்கறதுதானுங்க மருவாதி.

மூக்கு அரிக்குதுங்களா? இருங்க, நான் சொறிஞ்சு விடறேன். நீங்க கையத் தூக்காதீங்க.

படம் எடுத்தது ஆடி மாசம். ஆடியில யாரு கல்யாணம் வெக்கறாங்க? கடையில ஈ ஓட்டற மாசம். ஆவணி பொறந்தா நிக்க நேரமிருக்காது. அதனால வருசா வருசம் ஆடியிலதான் புது மேக்கப் எல்லாம் கடைப் புள்ளைகளுக்கே போட்டுப் பாத்து, படம் எடுத்து, ஸ்டேட்டஸ்ல போடுவோம். அந்த வருசம் எனக்கு ஒரு யோசனை. எல்லாப் பார்லர்காரிகளும் பொண்ணை மட்டும் போடறாங்க, நாம ஜோடியாப் போட்டா என்ன? மாப்பிள்ளைக்கும் மேக்கப் பண்றோம்னு தெரியட்டுமே. தம்பிய மாப்பிள்ளையா நிக்கச் சொன்னேன். வரமாட்டேன்னுட்டான். படத்துக்குத்தான்டான்னு கெஞ்சினேன். படத்துக்குக்கூட வேண்டாம்க்கான்னு மாடியேறிப் போயிட்டான். அவன் அப்படித்தான், சொல்லுக்கு ஒரு முறுக்கு.

வாணிக்கு மேக்கப் முடிஞ்சு, வாடகை நகை செட்டெல்லாம் போட்டு உக்காந்திருக்கறா. மாப்பிள்ளை இல்ல. ரீனாவப் பாத்தேன். கிராப்புத் தலை, ஒல்லி உடம்பு. அடியே, நீ நில்லுடின்னேன். பட்டு வேட்டி, சட்டை, தலையில உருமாலை எல்லாம் நானே கட்டி விட்டேன். பாத்தா சாட்சாத் ஒரு சின்னப் பையன். எனக்கு ஒரே சிரிப்பு. அதுக ரெண்டும் சிரிக்கல.

வாணி கேட்டா, "அக்கா, ஆடியில பண்ணலாமுங்களா?"

"போடி இவளே, இதென்ன நெசக் கல்யாணமா? படந்தானே," ன்னேன்.

மாலைய மாத்தச் சொன்னேன். மாத்திக்கிட்டாங்க. வாடகை செட்டுல ஒரு தாலி இருக்கும், கவரிங்ல, மஞ்சக் கயித்துல கோத்து வெச்சிருப்போம், சும்மா படத்துக்கு. ரீனா அதைக் கையில எடுத்துட்டு என்னையப் பாத்து, "அக்கா, கட்டட்டுங்களா?" ன்னு கேட்டா.

"கட்டு கட்டு, கையில பிடிச்சுட்டே நின்னா படம் நல்லா வராது. முடிச்சுப் போடு."

ஒரு முடிச்சுப் போட்டா. மூணு போடணும்டின்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். போட்டா. அட்சதையில்லாமப் படம் வெறிச்சுன்னு இருக்குமேன்னு சமையல்கட்டுல இருந்து ஒரு கை அரிசி எடுத்து, மஞ்சள் பெரட்டி, ஒரு கையில போனு, ஒரு கையில அரிசின்னு நானே போட்டேன். அப்பத்தான் அந்தப் புள்ள தலையத் தூக்கிப் பாத்தா. அதுதானுங்க நீங்க பாக்கற படம். டக்குன்னு அமுக்கிட்டேன்.

அப்புறம் ரெண்டும் சேந்து என் கால்ல விழுந்துச்சுக. நான் என்னத்தக் கண்டேன்? நடிப்புன்னு நெனச்சேன். நல்லாருங்கடின்னு சொன்னேன். சொன்னேன்தான், இல்லீங்கல.

சாயங்காலம் செட்ட எண்ணி வைக்கறப்பத் தாலியக் காணோம். வாணிகிட்டக் கேட்டா, அது எங்கியோ விழுந்துருச்சுங்கக்கா, சம்பளத்துல பிடிச்சுக்கங்கன்னா. கவரிங்தானே, போகுதுன்னு விட்டுட்டேன். எனக்கு இந்தச் சில்லறைக் கணக்கெல்லாம் பாக்க வராது.

படம் போட்டதும் அப்படிப் பேரு வாங்குச்சுங்க! ஆவணிக்கு புக்கிங் குவிஞ்சுது. அந்த மாப்பிள்ளை எந்த ஊருங்கன்னு ரெண்டு பேரு கேட்டாங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அங்கதான் வினை வந்துச்சு. வாணியோட மாமன் நாச்சிமுத்து, அவங்க அம்மாகூடப் பொறந்தவரு, அப்பா இல்லாத புள்ளைங்கறதுனால அவருதான் எல்லாம். எவனோ அவருக்குப் படத்த அனுப்பிப்போட்டான். உங்க ஊட்டுப் புள்ளை ஒரு நேபாளிப் பையனைக் கட்டிக்கிச்சுன்னு எழுதி.

ஒரு வேன் நெறைய ஆளுங்க. கட்டை கம்போட. நான் ஒரு அம்மாவுக்கு த்ரெட்டிங் பண்ணிட்டு இருக்கறேன், பாதிப் புருவத்துல நிக்குது. கதவ ஒதைச்சுட்டு உள்ள வந்து, "எவன்டா அந்த நேபாளி? வெளிய வாடா!" ன்னு சத்தம். ஊருக்குள்ள மில்லு வேலைக்கு வடக்க இருந்து பசங்க வந்ததுல இருந்து எல்லாருக்கும் அந்தப் பயம்தான். அப்புறம் வெசயம் வெளங்குச்சு. மாமா, மாமா, இங்க வாங்கன்னு ரீனா கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துனேன். இவதானுங்க அது, உருமாலை கட்டி நிக்க வெச்சோம், பொட்டப்புள்ளைங்கன்னேன்.

மாமன் அவளை மேலையும் கீழையும் பாத்தாரு. அப்படியே சேர்ல உக்காந்துட்டாரு. "அட கருமமே! பொட்டப்புள்ளையா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு," ன்னு சிரிக்க ஆரம்பிச்சாரு பாருங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாரு. வேன்ல வந்தவங்க பூரா சிரிப்பு. நானும் சிரிச்சேன். பக்கத்துப் பேக்கரியில டீ சொல்லி விட்டேன். மாமன் ரீனா முதுகுல தட்டி, "மீசை மட்டும் வரஞ்சிருந்தா இன்னைக்குப் பொணமாயிருப்படி," ன்னாரு.

அதோட முடிஞ்சிருக்கும் அம்மிணி. டீயக் குடிச்சுட்டு வேன் ஏறிப் போயிருப்பாங்க. ரீனா பொட்டப்புள்ளையாப் பொறந்ததுல தப்பிச்சா, அவ்வளவுதான்.

மாமன் கெளம்பறப்ப, "சரி வாணி, துணிமணிய எடு. ஆவணி மொத முகூர்த்தத்துல பேசி முடிச்சாச்சு," ன்னாரு. மாப்பிள்ளை சம்சாரம் எறந்தவரு, சொத்து இருக்குது, ரெண்டு புள்ளைக. நல்ல எடம்தானுங்க. அப்பா இல்லாத புள்ளைக்கு அதுக்கு மேல என்ன வரும்?

வாணி நின்ன எடத்துல இருந்து நகரல. சுடிதாருக்குள்ள கைய விட்டு அந்த மஞ்சக் கயித்த எடுத்து வெளிய போட்டா.

"எனக்கு ஆயிருச்சுங்க மாமா," ன்னா.

நாலஞ்சு பேரு மறுபடியும் சிரிச்சாங்க. மாமன் சிரிக்கல. "என்னது?" ன்னாரு.

"இவதான் கட்டுனா. அக்காதான் அட்சதை போட்டாங்க. நாங்க ஒண்ணாத்தான் இருக்கறோம், ஒண்ணாத்தான் இருப்போம். நெசமாத்தானுங்க மாமா."

பாதிப் புருவத்தோட அந்தம்மா வேற எந்திரிச்சு நின்னு பாத்துட்டு இருக்குது. ஊர் பூரா சொல்லுமே. என் பேரு எதுக்குடி இதுல வருதுன்னு இருந்துச்சு.

மாமன் வாணிய ஒரு அடி அடிக்கல. அதைச் சொல்லணும். நம்ம ஊட்டுப் புள்ளைய வெளியாளுக முன்னால அடிக்கக் கூடாதுன்னு நெனைக்கறவரு, அது ஒரு பெருந்தன்மை. அடிச்சது பூரா ரீனாவத்தான். அவரு மட்டும் இல்ல, ஆளுக்கு ஒண்ணு. நேபாளிப் பையனை அடிக்கறதுக்குன்னு எடுத்துட்டு வந்த கம்பு வீண் போகல. நான் தடுத்தேன். கண்ணாடிய ஒடைச்சுப்போடாதீங்க மாமா, மெஷினெல்லாம் இருக்குது, வெளிய கூட்டிட்டுப் போங்கன்னு எவ்வளவு சொன்னேன்!

அப்புறம் ஸ்டேஷன். ரீனா மருந்து குடுத்து வாணிய மயக்கிப்போட்டான்னு புகார். பொண்ணுகளை வளைச்சு வடக்க கொண்டு போயி விக்கற கும்பல்னு இன்னொருத்தரு சேத்து விட்டாரு. இன்ஸ்பெக்டர் ரீனாகிட்ட மொதல்ல கேட்டது, பாஸ்போர்ட் எங்கன்னு. இந்தியாதானுங்க சாருன்னு அவ தமிழ்ல சொல்றா. ஆதார் கார்டக் காட்டறா. இது டூப்ளிகேட்டு, இந்த மூஞ்சிக்கு யாரு ஆதார் குடுத்தான்னு தூக்கிப் போட்டாரு. அவரு கேட்டது ஒண்ணும் தப்பில்லீங்க, மூஞ்சியப் பாத்தா யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனா அதுக்கப்புறம் பண்ணினது கொஞ்சம் அதிகம். போன்ல அந்தப் படத்தப் பாத்துட்டு, உருமாலைய மறுபடியும் கட்டிக் காட்டுன்னாங்க. ஒரு துண்டக் குடுத்தாங்க. வீங்குன ஒதட்டோட அதை எடுத்துத் தலையில கட்டறா. பக்கத்து ரூம்ல இருந்தெல்லாம் போலீஸ்காரங்க வந்து பாத்தாங்க. ராத்திரியில யாரு மாப்பிள்ளைன்னு ஒரு பொம்பளை போலீசே கேக்குது. எனக்கே கூசிப் போச்சு. நான் செவுத்தப் பாத்துட்டு நின்னேன்.

வாணிய ஒரு மூலையில அவங்கம்மா பிடிச்சுட்டு உக்காந்திருக்குது. அவகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கல. அவ சொல்லச் சொல்ல, உனக்கு ஒண்ணும் தெரியாது கண்ணு, நீ சும்மா இருன்னே சொல்லிட்டு இருந்தாங்க. சம்பந்தப்பட்டவ அவதான், ஆனா அவ பேச்சு அந்த ரூம்ல யாரு காதுலயும் ஏறல.

இன்ஸ்பெக்டர் என்னையப் பாத்துக் கேட்டாரு. "ஏம்மா, கடை உன்னுதுதானே? இந்தப் படத்த யாரு எடுத்தது? யாரு இதைப் பண்ணச் சொன்னது?"

அதுதானுங்க அந்த ஒரு வார்த்தை. நான்தான் சார், கடை வெளம்பரத்துக்கு எடுத்தேன், அவளை நிக்கச் சொன்னது நான், தாலி கட்டச் சொன்னது நான். அதைச் சொல்லியிருந்தா மயக்குனது, கடத்துனது எல்லாம் நிக்காதாம். அப்படித்தான் தம்பி சொல்றான்.

ரீனா என்னையப் பாத்தா. "அக்கா" ன்னா.

நீங்களே யோசிங்க அம்மிணி. மாமன் நிக்கறாரு, ஒறம்பரை பூரா நிக்குது. அந்தப் பக்கம் கல்யாணம் எல்லாம் எனக்குத்தான் வருது. அவங்க மத்தியில, ரெண்டு பொட்டப்புள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவன்னு பேரு வாங்கிட்டு நான் எங்க கடை நடத்தறது? "தெரியலீங்க சார், ஆடி மாசம், நான் கடைக்கே சரியா வர்றதில்ல, கடை போனு அவகிட்டத்தான் இருக்கும்," ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். இதை ஒரு பெரிய பொய்யின்னு சொல்றாங்க. படத்துல நான் இருக்கறனா? எங்காவது என் மூஞ்சி தெரியுதா?

அவ மறுத்துப் பேசல. அதுலயே தெரியலியா, அவ மேலதான் தப்புன்னு?

நான் வீட்டுக்கு வந்தப்பத் தம்பி படியில உக்காந்திருந்தான். இப்பவே போலாம் வா, நான் வண்டிய எடுக்கறேன், உள்ளதச் சொல்லுன்னான். நானும் கூட வந்து சாட்சி சொல்றேன், அன்னைக்கு மாப்பிள்ளையா நிக்க நீ மொதல்ல கூப்பிட்டது என்னையத்தானேன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நீ பொத்திட்டு மேல போ. நீ சாட்சிக்குப் போனா அவங்க பார்வை மாடிக்கு வரும். இத்தன வருசம் உன்னைய ஒருத்தன் ஒரு கேள்வி கேக்கலைன்னா, அது நான் வாயத் தொறக்காம இருக்கறதுனாலதான்," ன்னேன்.

அவன் என்ன சொன்னான் தெரியுமுங்களா? "உன்னால இல்லக்கா. நான் ஆம்பள, இந்த ஊர்க்காரன். அதனாலதான்," ன்னான். சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். ஸ்டேஷன்ல அவனை உள்ளயே விடல, பொம்பளைங்க வெவகாரத்துல உனக்கென்ன வேலைன்னு தாட்டி விட்டுட்டாங்க. மறுநாள் அவங்களே அவளை விட்டுட்டாங்க. இனி இந்த ஜில்லாவுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு எழுதி வாங்கிட்டு. தம்பியும் சேவியரும்தான் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய் ரயில் ஏத்தி விட்டாங்க. ஒரு கண்ணு தெறக்கவே இல்லைன்னு சேவியர் அம்மாகிட்டச் சொல்லி அழுதானாம். ஊரு போய்ச் சேந்தாளா இல்லையான்னு தெரியாது. நான் போன் பண்ணிப் பாத்தேன். அந்த நம்பர் போகல. அவ பெட்டி இன்னும் பின்னாடி ரூம்லதான் கெடக்குது.

அடுத்த வாரமே தம்பியும் காலி பண்ணிட்டான். நான் சொல்லாததுனால அவனைக் காப்பாத்துனேன், அவனே என் மேல கோவிச்சுட்டுப் போறான்! அம்மா என்கூடச் சரியாப் பேசறதில்ல. கறி ஆக்கறதையே விட்டுருச்சு.

வாணி கல்யாணத்துக்கு மேக்கப் நான்தான் போட்டேன். மாமன் வந்து, உன் கடையில ஆன அசிங்கத்த நீயே தொடைன்னாரு. காசு வாங்கல. அந்த எடத்துல காசு வாங்கற ஆளு இல்ல நானு. மண்டபத்துல ஒரு ரூம்ல வெச்சு வெளிய தாப்பாப் போட்டுருந்தாங்க. உள்ள நாங்க ரெண்டு பேரு மட்டும். எளச்சுப் போயி, தோலெல்லாம் வறண்டு, என்ன போட்டாலும் ஒட்டல. செவுத்துல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருந்துச்சு. முழிச்சது முழிச்சபடி உக்காந்திருக்கறா.

பிளவுசு மாத்தறப்பப் பாக்கறேன், அந்த மஞ்சக் கயிறு இன்னும் கழுத்துலயே கெடக்குது. எப்படித்தான் அத்தன பேரு கண்ணுலயும் படாம வெச்சிருந்தாளோ! அவங்கம்மா குளிப்பாட்டி விட்டுருக்கு, அது பாத்துருக்கும். பாத்துட்டு விட்டுருக்கும்னு இப்பத் தோணுது. இன்னும் கொஞ்ச நேரத்துல மேடையில வெச்சு மாப்பிள்ளை தாலி கட்டணும். இது தெரிஞ்சா மண்டபமே பத்திக்கும்.

"கழட்டுடி," ன்னேன்.

"எனக்குக் கை வரலீங்கக்கா. நீங்க பண்ணுங்க," ன்னா.

முடிச்சு இறுகிப் போயிருந்துச்சு, மூணு முடிச்சும். நகத்தால பிரிக்க வரல. வெளிய நேரமாச்சு நேரமாச்சுன்னு கதவத் தட்டறாங்க. புருவம் வெட்டற கத்திரி கையில இருந்துச்சு. அதாலயே அறுத்தேன்.

அவ கையில இருந்த கண்ணாடி வளையல ஒவ்வொண்ணாக் கழட்டி டேபிள் மேல வெச்சா. நான் அப்பத்தான் வெச்ச பொட்டப் பொறங்கையால தொடச்சா. தலையில இருந்து பூவை உருவுனா. எல்லாம் பொறுமையா, அவசரமில்லாம. வாணி, என்னடி இது, கல்யாணப் பொண்ணு பண்ணற வேலையான்னேன்.

"அக்கா, அன்னைக்கு அரிசி போடறப்ப, நல்லாருங்கடின்னு நெசமாத்தானே சொன்னீங்க?" ன்னு கேட்டா.

நான் என்னங்க சொல்றது? ஆமாடின்னேன். நெசமாத்தான் சொன்னேன். வாயில வர்ற வார்த்தையப் பொய்யாவா சொல்லுவாங்க?

"அப்ப அது போதுங்கக்கா," ன்னா. "இனி எது வேணாப் போடுங்க. யாருக்கு வேணாக் காட்டுங்க."

வளையல மறுபடியும் போட்டேன். பூ வெச்சேன். பொட்டு வெச்சேன், தொடைக்கல. பொம்மை மாதிரி உக்காந்துக்கிட்டா. மேளம் அடிச்சாங்க, கூட்டிட்டுப் போனாங்க. இன்னைக்கும் அந்த ஊட்டுலதான் இருக்கறா. யாருகிட்டயும் பேசறதில்லையாம். அவரு நல்ல மனுசன், அடிக்கறதெல்லாம் இல்லைங்கறாங்க. நான் ஒருக்காப் பாக்கப் போனேன். தண்ணி கொண்டாந்து குடுத்தா. வாங்கன்னுகூடச் சொல்லல. என்னைய யாருன்னே தெரியாத மாதிரி பாத்தா.

அதுதானுங்க எனக்கு வெசனம். எத்தன பேருக்குக் கல்யாணக் களை கொண்டு வந்திருக்கேன் இந்தக் கையால. யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? சேத்து வெச்சதும் நான் வேணும்னு பண்ணல, அறுத்ததும் நான் வேணும்னு பண்ணல. கஸ்டமர் கேட்டதச் செஞ்சேன். நேரத்துக்கு ஆக வேண்டியதச் செஞ்சேன். நீங்க சொல்லுங்க, நீங்க நாளைக்கு ஒரு ஊட்டுக்குப் போய்க் குடும்பம் நடத்தப் போறவங்க, என் எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

ஏனுங்க அம்மிணி, எந்திரிக்கறீங்க? இன்னும் காயலீங்க. கண்ணுக்குள்ள போயிருச்சா? இருங்க, தண்ணி வெக்கறேன். ஏனுங்க... கதவ ஏன் தொறக்கறீங்க, அப்படியே பாதி மூஞ்சியோட வெளிய போனா ஊர்ல என்னங்க நெனைப்பாங்க? அம்மிணி, உங்க தொணைக்கு வந்த ஃபிரெண்டு அங்க வெயில்ல நிக்குதே, அந்தப் புள்ளையாவது உள்ள கூப்பிடுங்க. எதுக்கு ரெண்டு பேரும் இப்படிக் கையப் பிடிச்சுட்டு அழுகறீங்க? நான் இப்ப என்னத்தத் தப்பாச் சொல்லிப்போட்டேன்?